அக்காவின் முட்டைகளும் என் எலி முட்டைகளும்

சிங்கப்பூர், டிசம்பர் 2, 1986. செவ்வாய்

விடாத மழை. மார்சிலிங்கிலிருந்து லேப் வரை இரண்டு பஸ், இரண்டிலும் ஈரக் குடைகள். செருப்பு வார் அறுந்தது.

இன்று எலிகளிடமிருந்து எடுத்த கருமுட்டைகள் எல்லாம் பாழ். தட்டை ஏர்கானுக்கு நேர் கீழே வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனது நான்தான். பாஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சாப்பிடும்போது அக்காவிடம் புலம்பினேன். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லவேண்டுமே. முட்டைக்குள் நூல் போல இழைகள் இருக்கும். அந்த இழைகளைப் பிடித்துக்கொண்டு சுமை இழுக்கும் புரதங்கள் உண்டு, தேக்கா மார்க்கெட்டில் மூட்டை இழுப்பவர்கள் மாதிரி. பாஸ் அவற்றை மோட்டார் என்பார். குரோமோசோம்களை ஓரத்துக்குக் கொண்டுவந்து, பாதியை ஒரு சின்னப் பையில் கட்டி வெளியே தள்ளினால்தான் முட்டை தயார். குளிர் பட்டால் இழை கரைந்துவிடும். அப்புறம் மோட்டார் எதைப் பிடித்துக்கொண்டு இழுக்கும்?

அக்கா சோறு பிசைவதை நிறுத்திவிட்டாள்.

"குளிர்ல கரைஞ்சிடுமா?"

ஆமாம் என்றேன். ரசம் ஊற்றிக்கொண்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

மழை. ஃபிரிட்ஜ் காலி. தயிர், இளநீர், வெள்ளரிக்காய் எல்லாம் எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக்குப் போய்விட்டன. அக்காவின் வேலை.

அவளுக்கு முப்பத்தொன்பது. டெஸ்ட் டியூப் முறையில் இது மூன்றாவது தடவை, கடைசித் தடவையும்கூட. இதற்குமேல் வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அத்தானின் அம்மா சொல்லிவந்தது ஒன்றே ஒன்று: உடம்புச் சூடுதான் காரணம். அதனால் எண்ணெய்க் குளியல், ஊறவைத்த வெந்தயம், மோர், இளநீர். ஒரு நாள் விட்டதில்லை பாவம். முதல் இரண்டு தடவையும் ஊசி போட்டுக்கொண்டே இளநீராகக் குடித்துத் தள்ளினாள்.

இன்று பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அப்ப இத்தனை வருஷம் நானே குளிர வெச்சுக் கெடுத்துக்கிட்டேனா?"

பதறிப்போய்ப் பாடம் எடுத்தேன். அது கண்ணாடித் தட்டில் இருந்த முட்டை. உடம்புக்குள் இருப்பது வேறு. ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் தின்றாலும் உள்ளே இருக்கும் முட்டைக்குத் தெரியாது. தலையாட்டினாள். உன் எலிக்கு அப்படி, எனக்கு எப்படி என்று உனக்கு எப்படித் தெரியும் என்றாள்.

தெரியாதுதான். என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

டிசம்பர் 7, ஞாயிறு

வெயில், அதிசயமாக. அக்காவோடு தேக்கா. மிளகு, பூண்டு, சுக்கு, நெத்திலிக் கருவாடு, நண்டு. போதாதென்று கம்பளிக் காலுறை ஒரு ஜோடி. யார் ஊட்டிக்குப் போறீங்க என்று கடைக்காரர் கேட்டார். அக்கா சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

வீட்டில் ஃபேன் கிடையாது, தடை. அத்தான் கப்பல் பட்டறையில் வெல்டர். அங்கே வெந்துவிட்டு வந்து இங்கேயும் வேகிறார். ஒரு தடவை சுவிட்ச் வரை போய் நின்றார். திரும்பி வந்து பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். என்னிடம் மட்டும் மெதுவாக, "இந்த வாட்டி அவ மூஞ்சில ஒரு களை இருக்கு லா" என்றார்.

இருக்கிறது. தனக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது என்ற களை. நான் மறுபடி பாடம் எடுக்கவில்லை. கோழைத்தனமா பாசமா, தெரியவில்லை. பூண்டுக் குழம்பு நன்றாக இருந்தது.

டிசம்பர் 10, புதன்

மழை. ஸ்டோரில் கையுறை தீர்ந்துவிட்டது. செருப்பு தைத்தாயிற்று.

இந்த முறை தட்டைக் கதகதப்பாகவே வைத்திருந்தேன். இளம் எலிகளின் முட்டைகளில் படம் போட்ட மாதிரி எல்லாம் சரி. கிழட்டு எலிகளின் முட்டைகளில் இழைகள் இருந்தன. சூடும் இருந்தது. ஆனாலும் குரோமோசோம்கள் ஆளுக்கொரு பக்கம். பாதி முட்டைகளில் ஓரத்துக்கு வரவே இல்லை, பையும் இல்லை. இழுக்கும் மோட்டார் தளர்ந்துவிட்டதா, பிடி நழுவிவிட்டதா என்று கேட்டேன். அதைக் கண்டுபிடிக்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்றார் பாஸ். வேறு யாருக்காவது தெரியுமா? இதுவரை இல்லையாம்.

பஸ்ஸில் யோசனை. அக்காவின் முட்டைகள் அவள் எங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே உண்டானவை. அப்போது பாதிப் பிரிவில் நின்றவை, இன்னும் அப்படியே நிற்கின்றன. முப்பத்தொன்பது வருடமாக. இது எனக்குப் பரீட்சையில் வந்த கேள்வி, நல்ல மார்க்கும் வாங்கினேன். உட்லண்ட்ஸ் தாண்டும்போது அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் ஒன்றும் கேட்காமல் டிஷ்யூ நீட்டினாள்.

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு முட்டை எடுத்தார்கள். ஐந்து. போன தடவை மூன்றுதான், அதனால் அத்தானுக்கு ஒரே சந்தோஷம். நர்சுகளுக்குச் சுடச்சுடக் கரிப்பாப் வாங்கிக் கொடுத்தார்.

அக்கா மயக்கம் தெளிந்ததும் சொன்ன முதல் வார்த்தை குளிர். ஆபரேஷன் தியேட்டரில் பல் கிட்டித்துவிட்டதாம். இன்னொரு போர்வை கேட்டாளாம், நர்ஸ் சரி என்றாளாம், போர்வை வரவில்லை.

நாளை போன் செய்வார்கள். நான் லீவு.

டிசம்பர் 13, சனி

தூறல். துணி எதுவும் காயவில்லை.

பதினொரு மணிக்கு மேல் போன். நான்தான் எடுத்தேன். ஐந்தில் ஒன்றுகூட முதிரவில்லை. ஒன்றும் பையைத் தள்ளவில்லை. இனி வைத்திருந்து பயனில்லை என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் சும்மா நிற்கிறார்.

அக்கா கட்டிலில். அழவில்லை. கணக்குப் போடுகிறவள் மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"நடுங்கிட்டே கிடந்தேன்டி. அங்கதான் கரைஞ்சிருக்கும். நான் இன்னும் கத்திக் கேட்டிருக்கணும் போர்வைய."

ஆமாம்க்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் போர்வைக்காகவும் இளநீருக்காகவும் சாகும்வரை தன்னைத் திட்டிக்கொண்டே இருப்பாளே. அதைத் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"குளிர் இல்லக்கா. மோரும் இல்ல. வயசு. உள்ள இழுக்கிறதுக்குத் தெம்பு இல்ல, அவ்வளவுதான். நீ என்ன சாப்பிட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

"அப்ப நான் எந்தத் தப்பும் பண்ணலையா?"

"பண்ணல."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே பண்ணலக்கா."

நிம்மதிப்படுவாள் என்று நினைத்தேன். அப்போதுதான் அழுதாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு.

"தப்பு என்னோடதா இருந்தா திருத்திக்கலாமேன்னு இருந்தேன்டி."