பதினோரு நாள் மிதந்த துகள்

வியன்னா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு வாணி எழுதுகிறேன்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சுரங்கத்தில் டிரில் பிடித்துக் கெட்ட காதுக்குப் போனில் பேசினால் கேட்காது என்றுதான் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் லேபில் சின்ன விஷயம் ஒன்று நடந்தது. தூசியைவிடச் சிறிய கண்ணாடித் துகள் ஒன்றை, காற்றில்லாத பெட்டிக்குள் லேசர் ஒளியால் தாங்கி மிதக்க வைத்திருந்தேன். அதன் நடுக்கத்தைக் குறைத்துக் குறைத்துக் குளிர வைப்பதுதான் என் ஆராய்ச்சி. பதினோரு நாள் மிதந்தது. அசைவு அநேகமாக அடங்கிவிட்ட மதியத்தில், களைப்பில் நானே தப்பான வால்வைத் திறந்துவிட்டேன். காற்று உள்ளே புகுந்து துகள் போய்விட்டது. தேடினாலும் கிடைக்காது.

பேராசிரியர் திட்டவில்லை. வேறொன்றைப் பிடிக்கச் சொன்னார். நாலு வருடத்தில் இவ்வளவு தூரம் வந்தது அது ஒன்றுதான் அப்பா. மார்ச்சோடு எனக்குக் கொடுத்த காலமும் முடிகிறது. தினமும் லேசரைப் போட்டுவிட்டு அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கை எழவில்லை.

தம்பி உதயிடம் சொல்லி, உங்கள் குரலை அவன் போனில் பதிந்து அனுப்புங்கள். "இன்னா வாணி, சாப்ட்டியா?" என்று கேட்டால் போதும். இங்கே என் பெயரைக்கூட யாரும் சரியாகச் சொல்வதில்லை. நம் ஊரிகம் வீட்டில் என் கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

டிராம் வந்துவிட்டது, முடிக்கிறேன். நான் திடீரென்று வந்து நின்றால் படிப்பு முடிந்ததா என்று கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில் விசாரித்தால், லீவில் வந்திருக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்,
வாணி