பிடித்தது தசை, சதையல்ல

நர்சாகப் போகிற பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். மாவுக்கட்டுப் பிரித்த கால் எப்படி இருக்கிறது? நான் சுகம்.

விடுதிச் சமையலறையில் சோற்று அண்டாவைத் தூக்கும்போது கை பிடித்துக்கொண்டது. பயப்படாதீர்கள். “தசை பிடிச்சிருக்கு பாட்டி” என்றாள் டாக்டரம்மா. என் காதில் சதை என்று விழுந்தது.

“சதை பிடிச்சிருக்கா? எங்க வீட்டுக்காரர் நம்பமாட்டாரே!” என்றேன்.

சிரித்துவிட்டு விளக்கினாள். தசை நூல்நூலாய்ச் சேர்ந்த கட்டாம். அதற்கு இழுக்கத்தான் தெரியுமாம், தள்ளத் தெரியாதாம். ஒன்று கையை மடக்கினால், நீட்டுவதற்கு அதன் ஜோடி வேண்டுமாம். சும்மா கிடந்தால் இளைத்துப்போகுமாம்.

பேத்தி படிப்புக்கு இந்தச் சமையல் வேலைச் சம்பளம்தான்; அவள் படித்து முடிக்கும்வரை நான் அண்டாவை விடமாட்டேன். நீங்கள் கட்டிலை விடுங்கள். எனக்குத் தைலம் வேண்டும். மகனை ஏவாமல் நீங்களே தபாலாபீசுக்கு நடந்துபோய் அனுப்புங்கள். இங்கே தேய்த்துவிட ஆளில்லை, என் இன்னொரு கை இருக்கிறது.

உலை கொதிக்கிறது.

இப்படிக்கு,
சதை பிடிக்காத உங்கள் வீட்டுக்காரி