பழைய முகம் வைத்த புது வண்டி

செட்டில், யார்க்‌ஷர்
7 மார்ச் 2023, செவ்வாய் இரவு

அன்புள்ள ரோவன் அக்கா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறைத்தோழி மோராக்கிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. போனில் எழுதினால் அது அப்பாவின் டேப்லெட்டிலும் வந்து விழுகிறது. பேசினால் இந்த வீட்டுச் சுவர் அப்படியே ஒப்பித்துவிடும். அதனால் போர்வைக்குள் டார்ச்சோடு உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்தைத் திட்டாதே.

பள்ளியில் ஒரு கட்டுரை கொடுத்தார்கள். வீட்டில் உள்ள ஒரு பொருளை வைத்திருப்பதில் என்ன நல்லது, என்ன கெட்டது என்று எழுத வேண்டும். நான் அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். சனிக்கிழமை கராஜில் ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்து, தான் வண்டிமேல் ஏறிக்கொண்டார்.

"எழுதிக்கோ கண்ணு. பாக்க எங்கப்பா காலத்து வண்டி. ஆனா எங்கப்பா மாதிரி உதைச்சு உதைச்சுக் கால் வீங்க வேணாம், பட்டனைத் தொட்டா எழுந்துக்கும். ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகாது. சாவிக்குள்ள சிப்பு இருக்கு, எந்தத் திருடனும் ஒயரை ஒட்டிக் கிளப்ப முடியாது."

"கெட்டது?"

"ஸ்டான் வாயி!" என்று சிரித்தார். பக்கத்து வீட்டு ஸ்டான் மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே, அறுபது வருஷத்துப் பழைய வண்டி வைத்திருப்பவர். 'இருபது வயசுப் பய நரைமுடி விக்கு மாட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்குடா உன் வண்டி, அந்தக் கார்புரேட்டர் வெறும் மூடி, உள்ள இருக்கறது கம்ப்யூட்டர்' என்று அவர் அப்பாவைச் சீண்டிக்கொண்டே இருக்கிறார். அப்புறம் பனி உருகச் சாலையில் தூவுகிற உப்பு. அது குரோமைத் தின்றுவிடும் என்று நவம்பரிலிருந்து வண்டி கராஜை விட்டு நகரவில்லை. இதையெல்லாம் எழுதிக்கொண்டே நிமிர்ந்தேன்.

அக்கா, அப்பா அங்கே இல்லை. உட்கார்ந்துதான் இருந்தார். கண் திறந்திருந்தது. உதடு மட்டும் எதையோ மெல்வதுபோல அசைந்தது, வலது கை கைப்பிடியைப் பிசைந்தது. கூப்பிட்டேன், கேட்கவில்லை. வண்டி சாய்ந்து சுவரில் மோதி, பெட்ரோல் டாங்க் நசுங்கியது. ஒரு நிமிஷம் கழித்து, "என்ன கேட்ட கண்ணு?" என்றார். டாங்கைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நீ ஒண்ணும் பாக்கல. சரியா? டாக்டருக்குத் தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும். வண்டி போயிடும்."

இது முதல் தடவை இல்லை என்று நினைக்கிறேன். கிறிஸ்துமஸ் அன்றும் கிரேவியை ஊற்றிக்கொண்டே அப்படியே நின்றார்.

வருகிற 26ஆம் தேதி, கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிற ஞாயிறு, வழக்கம்போல வருஷத்தின் முதல் சவாரி. அம்மாவின் சாம்பலைத் தூவிய விட்பிக் கடற்கரைக்கு. இந்த வருஷம் எனக்காகப் பின்சீட் வாங்கி மாட்டியிருக்கிறார். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய?

உன்
ஹெட்டி

*

ஸ்ட்ரோம்னெஸ், ஆர்க்னி
12 மார்ச் 2023

என் செல்ல ஹெட்டி,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை, மன்னித்துக்கொள். தலையணை உறைக்குள் இருக்கிறது. நான் வேலை செய்கிற கப்பல் சமையலறையில் இன்று மூன்று முறை கையைச் சுட்டுக்கொண்டேன். புத்தி உன்னிடமே இருந்தது.

நீ சொல்வது ஒருவகை வலிப்பு போலத் தெரிகிறது. டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீ சொல்ல முடியாவிட்டால் நான் சொல்கிறேன். ஒரு போன் போதும். ஆனால் உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன்.

அந்த வண்டி வந்த நாளில் நான் கத்தியதெல்லாம் நினைவிருக்கிறதா? "அம்மா போயி ஒரு வருஷம் ஆகல, உனக்கு பொம்மை வண்டி கேக்குதா?" அப்போதும் அவர் கோபப்படவில்லை. "இது பாதி உனக்கும்தான்" என்று இரண்டாவது சாவியை என் கையில் வைத்தார். மறுநாள் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு வந்துவிட்டேன். மூன்று வருஷமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஒன்று சொல்கிறேன். அந்த வண்டியின் திருட்டு அலாரம் ராத்திரி பகலாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். முதல் குளிர்காலத்தில் அது தெரியாமல் விட்டு, பத்தே நாளில் வண்டி செத்துப்போனது. அப்பா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது என்று நீதானே எழுதியிருந்தாய். அன்றிலிருந்துதான் சுவரில் அந்தச் சார்ஜர். அதன் ப்ளக்கை லேசாக வெளியே இழுத்துவிடு. பார்த்தால் தெரியாத அளவுக்கு. அந்த ஞாயிறு மட்டும் கடந்துவிட்டால், பிறகு சேர்ந்து யோசிக்கலாம்.

ஒழுங்காகச் சாப்பிடு.

முத்தங்களுடன்
ரோவன்

*

செட்டில்
25 மார்ச் 2023, சனி இரவு

அக்கா,

நீ சொன்னபடி செய்தேன். செய்திருக்கவே கூடாது.

டாக்டருக்கு நீ போன் செய்வதைப் பற்றிக் கேட்டிருந்தாய். பத்து நாளாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். சரி என்று சொல்ல முடியவில்லை. வண்டி வருவதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்று யோசித்துப் பார். வேலை முடிந்து சீஸ் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் நாற்காலியில் உட்காருவார், இருட்டினாலும் விளக்குப் போட மாட்டார். நான் டோஸ்ட் செய்து மடியில் வைத்தால் அது அப்படியே காய்ந்து கிடக்கும். கிட்டத்தட்ட ஒரு வருஷம், அக்கா. வண்டி வந்த பிறகுதான் ஷேவ் செய்துகொண்டார். என் கட்டுரையில் 'நல்லது' என்ற பக்கத்தில் அதைத்தான் எழுத வேண்டும். 'கெட்டது' என்ற பக்கத்தில் எழுத வேண்டியதையும் எழுத முடியாது. உப்பு, குரோம் என்று நிரப்பிக் கொடுத்துவிட்டேன். நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்.

இன்று மத்தியானம் அப்பா பட்டனை அழுத்தினார். டிக் டிக் என்றது, நின்றுவிட்டது. நான் வாசலில் நின்றிருந்தேன். மனசுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அப்பா ஒரு நிமிஷம்கூடக் கலங்கவில்லை. "தள்ளி எடுத்துடலாம்" என்றார். தாத்தாவின் வண்டியை இந்தச் சரிவில் தள்ளித்தான் எடுப்பார்களாம். உருவம் பழையது என்பதால் அவர் காலுக்கும் பழைய ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. ஸ்டான் மாமா பின்னால் தள்ள, தெரு முனையிலிருந்து கீழே ஓடைப் பக்கமாக உருட்டிவிட்டார்கள். கிளம்பவில்லை. மறுபடி மேலே உருட்டி வந்தார்கள்.

"டேய் கீத்! இது பழைய வண்டி இல்லடா, பழைய வண்டி வேஷம்! பெட்ரோல் பம்ப்புக்கே கரண்டு வேணும். நீ லண்டன் வரைக்கும் தள்ளினாலும் எழுந்துக்காது!" என்று ஸ்டான் மாமா அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"வாயை மூடிட்டுத் தள்ளு கெழவா. இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை பாதிச் சரிவில் அப்பா திரும்பவும் போய்விட்டார். உடம்பு வண்டிமேல் இருந்தது. முகம் அன்று கராஜில் பார்த்த அதே முகம். வண்டி அவரைத் தூக்கிக்கொண்டு நேராக ஓடைப் பாலத்துக் கல்சுவரைப் பார்த்து உருண்டது. ஸ்டான் மாமா மேலே நின்று, "பிரேக்கைப் பிடிடா, போஸ் கொடுத்தது போதும்!" என்று சிரித்துக்கொண்டிருந்தார். சரிவில் பக்கத்தில் நின்றிருந்த நான் ஓடினேன். அவர் ஜாக்கெட்டைப் பிடித்து என் பலம் முழுவதையும் கொண்டு பக்கவாட்டில் இழுத்தேன். இரண்டு பேரும் வேலிச் செடிக்குள் விழுந்தோம். வண்டி எங்கள் காலடியில் விழுந்தது.

"பாப்பா தள்ளி விட்டுடிச்சிடா!" என்று ஸ்டான் மாமா இன்னும் சிரித்தார்.

அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தார். எல்லாம் புரிந்த கண். ஆனால் எழுந்து, "ஒண்ணுமில்ல, கால் வழுக்கிடிச்சு" என்றார்.

கராஜுக்கு வந்ததும் சார்ஜரைப் பார்த்தார். ப்ளக் வெளியே வந்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே உள்ளே அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. விடிவதற்குள் ஏறிவிடும், அக்கா.

சாப்பாடு முடிந்தது. மேலே வந்து பார்த்தால் என் கட்டிலில் புது ஹெல்மெட். சின்னது, நீலம். உள்ளே ஒரு சீட்டு: 'ஏழு மணிக்குக் கிளம்பணும். அம்மா காத்துட்டு இருப்பா.'

நான் வர மாட்டேன் என்று சொன்னால் தனியாகப் போவார். எனக்கு அது இன்னும் பயம். அம்மாவுக்குப் பிறகு எனக்கு அவர்தானே? நீ ஆர்க்னியில் இருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, ஆனால் இருக்கிறாய்.

அதனால் கொக்கியிலிருந்து சாவியை எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு வைத்து உனக்கு அனுப்பப் போகிறேன். விடியற்காலையில் பின்கதவு வழியாகப் போய்த் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். இந்தச் சாவியோ உன்னிடம் இருக்கும் சாவியோ இல்லாமல் அந்த வண்டியை யாராலும் கிளப்ப முடியாது, அவரே பெருமையாகச் சொன்னார்.

என்னை வெறுத்துவிடுவார். பரவாயில்லை. பரவாயில்லை என்று பத்துத் தடவை எழுதிப் பார்த்துவிட்டேன்.

கீழே டிராயர் திறக்கிற சத்தம். ஒன்று. இன்னொன்று. கோட்டுப் பைகளைத் தட்டுகிறார். சாவியைத்தான் தேடுகிறார். படிக்கட்டில் ஏறுகிறார். மூன்றாவது படி கிறீச்சென்றது. டார்ச்சை அணைத்தால் கதவிடுக்கில் தெரிந்துவிடும், அணைக்காவிட்டாலும்

தட்டுகிறார். "ஹெட்டி கண்ணு, தூங்கலைன்னு தெரியும். கதவைத் தி

*

ஸ்ட்ரோம்னெஸ்
29 மார்ச் 2023, புதன்

ஹெட்டி,

இன்று காலை உன் கடிதம் வந்தது. ஒரு வார்த்தையின் பாதியில் நிற்கிறது. உறைமேல் விலாசம் உன் கையெழுத்தில் இல்லை. அப்பாவின் கையெழுத்து. 'ஸ்ட்ரோம்னெஸ்' என்பதை அவர் எழுதுகிறபடியே தப்பாக எழுதியிருந்தார். அவரிடமிருந்து ஒரு வரிகூட இல்லை, உறையை மூன்று முறை உதறிப் பார்த்தேன். சாவி இருந்தது. ஒரு டிஷ்யூ தாளில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, வழியில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல. இப்போது இரண்டு சாவிகளும் என் மேஜையில் கிடக்கின்றன.

பிறகு வீட்டுக்குப் போன் செய்தேன். நீ பள்ளிக்குப் போயிருந்தாய். அவர்தான் எடுத்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, "அப்பா" என்றேன். அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து அணைகிற சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கிழமை வரேன்ப்பா. நாலு மணி ரயில்."

"சரி" என்றார். பிறகு ரொம்ப மெதுவாக, "ஸ்டேஷனுக்கு என்னால வர முடியாதும்மா. நான் இப்ப எதுவும் ஓட்டுறதில்ல."

நான் நடந்தே வந்துவிடுவேன். விளக்கைப் போட்டு வை.

ரோவன்