இருநூற்று முப்பத்தொரு பாயிண்ட்

ராவன்ஷா,
அக்டோபர் 19

அன்புள்ள ஸ்டூவர்ட் அண்ணா,

இங்கே நான் சுகம், மழையும் சுகம். பெர்த்தில் நீயும் அண்ணியும் குழந்தையும் நன்றாக இருக்கிறீர்கள் என்பதை அண்ணி போடும் படங்களிலிருந்து தெரிந்துகொள்கிறேன். மேவுக்கு இரண்டு பல் வந்துவிட்டது. அவளைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தில் உன் கை மட்டும்தான் தெரிகிறது. கடிகாரத்தைப் பார்த்து உன் கை என்று கண்டுபிடித்தேன்.

என்ன இது, கடிதம் எல்லாம் என்று சிரிப்பாய். போனில் எழுதினால் நீ படித்துவிட்டாய் என்று இரண்டு நீலக் குறி விழுகிறது. அதன் பிறகு எனக்கு வேறு வேலை ஓடுவதில்லை. காகிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

வீட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. உன் அறைப் பக்கத்து மழைக்குழாய் கழன்றுவிட்டது, ஆள் வைத்துப் போட்டுவிட்டேன். வேலையும் அதேதான். ஆஸ்பத்திரியில் முழங்கால் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று நாள் முழுவதும் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நானும் எண்ணிச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

சனிக்கிழமை நம் கால்பந்து கிளப்புக்கு வெளியூர் ஆட்டம். மூன்று கோல் வாங்கிக்கொண்டு வந்தோம். நமக்குக் கொடுத்த இடம் கூரையைத் தாங்கும் தூணுக்குப் பின்னால். டிக்கெட் முப்பத்திரண்டு பவுண்ட். அடுத்த பகுதியில் அதே மாதிரித் தூணுக்குப் பின்னால் அந்த ஊர்க்காரர்கள் இருபத்திரண்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். கோச் பஸ்ஸில் நம் பின் இருக்கை ரான்னி, "பத்து பவுண்ட் கூடக் குடுத்தோம்ல, தூணு நம்மளுது. கழட்டுங்கடா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்" என்றான். திரும்பும் வழியெல்லாம் அந்தத் தூணை எங்கே நடுவது என்று பேச்சு. நானும் சிரித்தேன். ஆனால் பாதிச் சம்பளத்தில் வேலை செய்பவர்கள் அந்தக் கோச்சில் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும்.

உன் பாயிண்ட்டை நான் விடவில்லை. விமான நிலையத்தில் நீ சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ரெண்டே வருஷம். அதுவரைக்கும் என் பாயிண்ட்டப் பாத்துக்கோ." இது நான்காவது சீசன். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பாயிண்ட் என்று, ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் உன் பெயரில் ஒரு டிக்கெட், என் பெயரில் ஒரு டிக்கெட் வாங்குகிறேன். ஒரு சீசன் முழுக்க வாங்காமல் விட்டால் கிளப் மொத்தத்தையும் அழித்துவிடும் அல்லவா? இப்போது உனக்கு இருநூற்றுப் பதினாறு. அனேகமாக ஊரில் முதல் பத்துக்குள் இருப்பாய். உன் இருக்கையில் என் கோட்டை வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் ரான்னி அதைக் காட்டி, "எப்பப் பாத்தாலும் உன் பக்கத்துல மட்டும் காலியா இருக்கே, யாரு அது? பேயா?" என்று கேட்டான். வாங்கினவர் வரவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவைத்தேன். உன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அடுத்த கேள்வி எப்போது வருகிறாய் என்பதாக இருக்கும்.

மேவுக்கு என் முத்தம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தங்கை,
பிரையனி


ராவன்ஷா,
பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

கிறிஸ்துமஸுக்கு அண்ணி அனுப்பிய அட்டை வந்தது. கீழே உன் பெயரையும் அண்ணியே எழுதியிருந்தார். அவருடைய கையெழுத்து அழகாக இருக்கிறது.

நீ கேள்விப்பட்டிருப்பாய். கோப்பையில் ஐந்தாம் சுற்றுக்கு வந்துவிட்டோம், பதினெட்டு வருடத்துக்குப் பிறகு. அதுவும் லண்டனில், அந்தப் பெரிய கிளப்போடு. எதிரணி யார் என்ற குலுக்கலில் அந்தப் பெயர் வந்ததும் ரெயில்வே பப்பில் மேஜை மேல் ஏறி ஆடியிருக்கிறார்கள். நான் வீட்டில் தனியாகத்தான் பார்த்தேன். ஆனாலும் எழுந்து நின்றேன்.

அவர்களுடைய மைதானம் பழையது, சின்னது. நமக்கு ஒதுக்கியது தொள்ளாயிரம் டிக்கெட். பாயிண்ட் அதிகம் உள்ளவர்களிலிருந்து வரிசையாகக் கொடுத்ததில் நாற்பத்தொரு பாயிண்ட்டோடு தீர்ந்துபோனது. மொரீனுக்கு முப்பத்தெட்டு.

ஆமாம், நம் மொரீன்தான். கோச்சுக்கு ஆள் சேர்ப்பவர், பிஸ்கட் டப்பாவைச் சுற்றுக்கு விடுபவர், உனக்குப் பதினான்கு வயதில் வாந்தி வந்தபோது தன் தொப்பியை நீட்டியவர். அவர் கணவர் படுத்த படுக்கையாக இருந்த வருடம் அவர் ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை, டிக்கெட்டும் வாங்கவில்லை. இருபது வருடத்துப் பாயிண்ட் போய்விட்டது. முறையிட்டுப் பார்த்தார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று கிளப் பதில் எழுதியது. பூஜ்யத்திலிருந்து தொடங்கி, போன சீசன் இருபத்திரண்டு, இந்த சீசன் பதினாறு.

அவர் புலம்பவே இல்லை. "டிக்கெட் இல்லன்னா என்ன, கோச்சு என்னுது. நான் வராம எவன் வண்டிய எடுக்கறான்னு பாக்கறேன்" என்கிறார். லண்டன் வரை வந்து, வெளியே வண்டியிலேயே டிரைவரோடு உட்கார்ந்து ரேடியோ கேட்கப் போகிறாராம். ரான்னிக்குத்தான் தாங்கவில்லை. "வாங்கி வெச்சுட்டு வராதவனுங்க எத்தன பேரு இருக்கானுங்க! இவ பக்கத்துலயே ஒருத்தன் இருக்கானே. அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்று கோச் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். நான் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அரை மணி நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை.

லண்டன் ஆட்டத்துக்கும் உன் பெயரில் ஒன்று என் பெயரில் ஒன்று வந்திருக்கிறது. பதிமூன்றாம் எண் எனக்கு, பதினான்காம் எண் உனக்கு. சமையலறையில் ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். உன் டிக்கெட்டை மொரீனுக்குக் கொடுக்கட்டுமா? வாசலில் பெயரைச் சரிபார்த்துப் பிடித்தால் உன் பாயிண்ட் போகும், என்னுடையதும் போகும். நீ எப்போது வரப்போகிறாய் என்று தெரிந்தால் நான் முடிவு செய்வது சுலபம். ஆட்டம் இருபத்தெட்டாம் தேதி. கடிதம் எழுத நேரம் இல்லாவிட்டால் போனில் ஒரு சொல் போதும். சரி என்றோ, வேண்டாம் என்றோ.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
பிரையனி


ராவன்ஷா,
மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

உன் பதில் வரவில்லை. கடிதம் வழியில் தொலைந்திருக்கலாம் என்று மூன்று நாள் நம்பினேன். பிறகு போனிலும் கேட்டேன். நீலக் குறி விழுந்தது.

ஆட்டத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது டிக்கெட்டை எடுத்துக்கொண்டு மொரீன் வீட்டுக்குப் போனேன். கோச் பட்டியலை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, அடுப்பில் உருளைக்கிழங்கு வேகவிட்டிருந்தார். டிக்கெட்டை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஸ்டூவர்ட் ஊருக்கு வந்துட்டானா? சொல்லவே இல்லயே நீ!" என்றார்.

வரவில்லை என்றேன். அந்தக் காலி இருக்கை உன்னுடையது என்றும், நான்கு சீசனாக நான்தான் வாங்குகிறேன் என்றும் சொன்னேன். அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நாலு வருஷமா?" என்றார். "கண்ணு, எம் புருஷன் செத்தப்பகூட அவர் நாற்காலிய நான் ஒரு வருஷந்தான் வெச்சிருந்தேன்." அண்ணன் உயிரோடுதானே இருக்கிறான் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். "அதான் கண்ணு கஷ்டம்" என்றார்.

டிக்கெட்டை மட்டும் தொடவில்லை. தனக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் எத்தனை பேர் என்று கேட்டார். அது எனக்குத் தெரிந்திருந்தது, பட்டியல் கிளப்பில் ஒட்டியிருக்கிறது. பத்தொன்பது பேர் என்றேன். "அப்ப அந்தப் பத்தொம்பதுல மொத ஆளுக்குப் போகணும் இது. விதி சரியில்லன்னு ரெண்டு வருஷமா கத்திட்டு இருக்கேன். இப்பப் பின்வாசல் வழியாப் போயி உக்காந்தா அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கத்தறது?" என்றார். ஆஸ்பத்திரியில் நான் தினமும் சொல்வதைத்தான் அவர் எனக்குச் சொன்னார். என் பட்டியலில் தெரிந்தவர் யாரையாவது மேலே தூக்கிப் போடச் சொல்லி யாராவது கேட்டால் எனக்கு எவ்வளவு கோபம் வரும்! பிறகு அவர் எனக்கு இரண்டு உருளைக்கிழங்கு வெண்ணெய் தடவிக் கொடுத்தார். யாரோடாவது ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன், கணக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் கிளப்பின் டிக்கெட் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். தபாலில் திருப்பி அனுப்பியிருந்தால் ஒரு கேள்வியும் வந்திருக்காது. அது பிறகுதான் தோன்றியது. நேரில் போய் நின்றதும் கேட்டாள், "டிக்கெட்காரர் ஏன் வரல?" வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன். "கடைசியா எப்ப ஆட்டத்துக்கு வந்தாரு?" தேதியைச் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "திரும்பி எப்ப வருவாரு?" என்றாள். அடுத்த கோடை என்று சொல்லியிருக்கலாம். மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததுதான் அது. தெரியாது என்று சொன்னேன். அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

விதிப்படி செய்தாள். உன் இருநூற்று முப்பத்தொரு பாயிண்ட்டும் போய்விட்டது. ஒரு விசையைத் தட்டினாள், அவ்வளவுதான். பொய்யாக வாங்கியதற்கு என்னிடமிருந்து ஐம்பதைக் கழித்தாள். நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை நான் காப்பாற்றவில்லை. மன்னித்துவிடு.

கோச்சில் எல்லோரிடமும் நானே சொல்லிவிட்டேன். பிறகு ரான்னி, "பேய்க்கு எரநூத்தி முப்பத்தொண்ணு, எனக்கு அம்பத்தாறு! பேயாப் பொறந்திருக்கலாம் போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் லண்டன் போய்ச் சேரும்வரை அவன் என்னிடம் நேராகப் பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

பதினான்காம் எண்ணில் டெஸ்மண்ட் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். பக்கத்துப் பள்ளத்தாக்கில் பஸ் டயர் மாற்றும் வேலை. நாற்பது பாயிண்ட். உட்கார்ந்ததிலிருந்து வாய் மூடவில்லை. "இந்த சீட்டு யாரோ திருப்பிக் குடுத்ததாம்மா. எந்த மகராசனோ, நல்லா இருக்கட்டும்" என்றார். என் கோட் என் மடியில் இருந்தது. அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கார்னர் உதைக்கும் அவர் முழங்கை என் மேல் இடித்தது, ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டார்.

எழுபத்தொன்றாவது நிமிடம் நாம் ஒரு கோல் போட்டோம். அந்த மனிதர் என்னை அப்படியே தூக்கிவிட்டார். என் கண்ணாடி இரண்டு வரிசை கீழே போய் விழுந்தது. யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தேன். நீ போன பிறகு யாரும் என்னைக் கட்டிப் பிடித்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கண் துடைத்தபோது, கோல் சந்தோஷம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தோற்றுவிட்டோம், இரண்டுக்கு ஒன்று. வெளியே வந்தால் மொரீன் கோச் படிக்கட்டிலேயே நின்றிருந்தார். "நாம ரெண்டு கோல் போட்டோம், தெரியுமா? மொதல்ல செவுத்துக்கு அந்தாண்ட கத்தல்ல ஒண்ணு, அப்புறம் எட்டு செகண்ட் கழிச்சு ரேடியோவுல ஒண்ணு. எனக்கு டிரா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, மடியில் பிஸ்கட் டப்பாவை வைத்தார்.

அண்ணி போட்ட வீட்டுப் படம் பார்த்தேன். புது வீடு, பின்னால் எலுமிச்சை மரம். வாடகை வீட்டில் யாரும் எலுமிச்சை நடுவதில்லை. நன்றாக இருக்கிறது அண்ணா. உண்மையாகவே சொல்கிறேன்.

இனி உனக்குப் பூஜ்யம். ஆனால் பூஜ்யம் உள்ளவருக்கும் டிக்கெட் கிடைக்கும் ஆட்டங்கள் உண்டு. வார நடுவில், ஏழு மணி நேரப் பயணம், எதிரணிக்கும் நமக்கும் இழக்க ஒன்றும் மிச்சமில்லாத ஆட்டங்கள். அதற்கெல்லாம் வரிசையே இருக்காது. என்றைக்காவது வா. முதல் பாயிண்ட்டுக்கு நானும் கூட வருகிறேன். மேவையும் கூட்டி வா, மடியில் உட்கார டிக்கெட் வேண்டாம்.

வர முடியாது என்றால், முடியாது என்றே எழுது. அந்த ஒரு வரியை உன் கையெழுத்தில் எழுது, அண்ணியிடம் கொடுக்காதே. நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் எழுது அண்ணா.

உன் வீடும் உன் மரமும் செழிக்கட்டும். குழந்தை நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

என்றும் உன் தங்கை,
பிரையனி