உன் வரிசையில் நான் நிற்கவில்லை

இன்று காலை பூசைக்குப் புறப்படுமுன் கையில் தேசிக்காய் தேய்த்துக் கழுவினேன். அந்த மணம் ஏறியதும் நீ நினைவுக்கு வந்தாய். அழுகை வரவில்லை. நீ போய் எட்டு மாதம், இன்னும் வரவில்லை.

நம் கோயிலில் நற்கருணை அப்பம் கொடுக்க ஃபாதர் முதன்முதலாக ஒரு பெண்ணைத் தெரிவுசெய்தபோது, அது நீயாக இருக்கும் என்று ஊரில் எவரும் நினைக்கவில்லை. கணவனைக் கடைசிச் சண்டையில் இழந்தவள் நீ. கரையில் மீன் வெட்டி, கருவாடு போட்டு, இரண்டு பெண் பிள்ளைகளைப் படிப்பித்தவள். முறைப்படி பயிற்சிக்கும் போய்வந்தாய். ஆனாலும், "மீன் வெட்டின கையாலை நன்மை குடுக்கிறதோ?" என்று முதலில் கேட்டவர் என் வீட்டுக்காரர். கடலை நம்பிய ஊரில் மீன் தொடாத கை எது? சண்டை முடிந்து முகாமில் நீயும் நானும் ஒரே கூடாரத்தில் கிடந்தவர்கள். அப்படியிருந்தும் நான் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த முதல் ஞாயிறு ஃபாதர் வலப்பக்கம் நின்றார், நீ இடப்பக்கம். அவருடைய வரிசை வாசல்வரை போனது. உன் முன்னால் உன் பிள்ளைகள் இருவரும், வெளியூரிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூட ரீச்சரும் மட்டும். நான் உன் பக்கத்து வாங்கில்தான் இருந்தேன். எழுந்து, உனக்கு முன்னால் குறுக்கே நடந்து, ஃபாதரின் வரிசையில் போய் நின்றேன். நீ கண்டாய். பூசை முடிந்து வெளியே வந்ததும், "இண்டைக்குச் சரியான வெயிலடி" என்றாய்.

மெல்ல மெல்ல உன் பக்கமும் ஆட்கள் வந்தார்கள். "அவசரக்காரர்தான் முதலிலை மாறுவினம்" என்று சிரித்தாய்.

பிறகு என் வீட்டுக்காரர் பாரிசவாதத்தில் விழுந்தார். நான்கு கோயில்களைப் பார்க்கும் ஃபாதரால் மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வர முடிந்தது. நீ ஞாயிறுதோறும் பூசை முடிந்த கையோடு நற்கருணைச் சிமிழை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வந்தாய். முதல் கிழமை அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நீ கதிரையில் இருந்து செபத்தைச் சொல்லிவிட்டுப் போனாய். அடுத்த கிழமையும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு, சுவரைப் பார்த்தபடியே, குழறிய வாயால் கேட்டார்:

"கை கழுவினனியோ?"

"தேசிக்காய் போட்டுக் கழுவினனான் அண்ணை. மணந்து பாருங்கோ."

நீட்டிய கையை அவர் உண்மையாகவே மணந்து பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "உனக்கும் தரட்டோ?"

"நான் கோயிலிலை எடுத்திட்டன்" என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் அவர் சாகும்வரை உன் கையால் வாங்கினார். நான் ஒருநாளும் வாங்கவில்லை. வெறுப்பு இல்லையடி. அன்று குறுக்கே நடந்தவள் எந்த முகத்தோடு திரும்பி வருவது? அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று இருந்துவிட்டேன். நீ சத்திரசிகிச்சைக்கு வவுனியா போன காலை, வான் வண்டியில் ஏறும்போது, "வந்து கதைப்பம்" என்றாய். உன்னைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் ஃபாதர் உன் இடத்துக்கு என்னைக் கேட்டார். ஏனென்று தெரியாமலே ஓம் என்றேன். பயிற்சி முடிந்த பிறகு அவரிடம் ஒன்று கேட்டேன்: "ஃபாதர், எனக்கு இப்ப மனசிலை ஒண்டும் உறைக்கிறேல்லை. இப்பிடிக் குடுத்தால் அது செல்லுமோ?"

"செல்லும் அக்கா. குடுங்கோ."

கொடுக்கிறேன். கோயிலில் சிலர் இன்னும் என்னைத் தாண்டி ஃபாதரிடம் போகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பூசை முடிய மூன்று வீடுகளுக்குப் போகிறேன். கடைசி வீடு கடற்கரையில், நீ ஞாயிறுதோறும் போய்வந்த, நினைவு தப்பிப்போன அந்தப் பெரியம்மாவுடையது. என்னைக் கண்டதும் வாசலைத்தான் பார்ப்பா. "அவா வரேல்லையோ?"

"அவா மோசம் போயிட்டா பெரியம்மா."

ஒவ்வொரு ஞாயிறும் அவா புதிதாகக் கேட்டு, புதிதாக அழுகிறா. நான் பக்கத்தில் இருந்து, அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு கண்ணைத் துடைத்துவிடுகிறேன். அவா வாயைத் திறக்கிறா.