குழி வெட்டிய செருப்பு

பரந்தன், ஏழாம் வாய்க்கால்
12.08.1961

அன்பு மருமகள் விமலேஸ்வரிக்கு, மாமா மயில்வாகனம் நலமாக இருந்து எழுதுவது.

எல்லாம் நான் முன்னமே சொன்னபடிதான் நடந்திருக்கிறது. கருவாட்டுச் சைக்கிளில் வந்த ஸ்டீபனோடு நீ முல்லைத்தீவுக்குப் போன அன்றே நான் உன் அம்மாவிடம் சொன்னேன்: "அன்னபாக்கியம், மகளும் இல்லை, மனுசனும் இல்லை. நாலு ஏக்கரையும் நீ தனிய நடந்து பார்த்தால் உன்ரை கால்தான் முதலில் விழும்." மூன்று வருஷத்தில் விழுந்துவிட்டது. நாளும் சொன்னேன், அவள் கேட்கவில்லை.

குதிக்காலில் வலி. பகலில் பரவாயில்லை. காலையில் பாயை விட்டு எழும்பி முதல் அடி வைக்கும்போதுதான் உயிர் போகிறது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பத்து அடி நடந்தால் கொஞ்சம் இளகும். சிறுபோக நெல் வெட்டுக்கு வயல் காய்ந்து கல்லாகக் கிடக்கிறது. அதில் வெறுங்காலோடு நின்றுவிட்டு வந்து இருந்து எழும்பினால், திரும்பவும் அதே கதை.

கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டில் கட்டிக் கொண்டுபோனேன். டாக்குத்தர் காலை விட்டுவிட்டு என்னோடுதான் அரை மணித்தியாலம் கதைத்தார். "மயில்வாகனம், நீர் படித்திருந்தால் இந்தக் கதிரையில் நீர்தான் இருந்திருப்பீர்" என்றார். குதிவாதம்தான் என்று நான் சொன்னதை அவரும் ஒப்புக்கொண்டார். செங்கல்லைச் சுட்டு, எருக்கலம் இலை போட்டு, அதில் குதியை வைக்கச் செய்கிறேன். கொஞ்சம் கேட்கிறது, விடியத் திரும்பி வருகிறது.

நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. நீயும் காட்டிக்கொள்ளாதே.

உன் அன்பு மாமா,
மயில்வாகனம் (பரந்தன் முழுக்க அறிந்தவர்)


முல்லைத்தீவு
25.08.1961

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா என்று எழுதியிருக்கிறீர்கள். பிடிக்க என் தோள் இருந்திருக்க வேண்டும்.

இங்கே கன்னியர் மடத்தில் மருந்து கொடுக்கும் சிஸ்டரிடம் கேட்டேன். உள்ளங்காலில் குதியிலிருந்து விரல்வரை ஓடும் நார் அழன்று வீங்கினால் இப்படித்தான் நோகுமாம். ஆறு மாதம், ஒரு வருஷம்கூட எடுக்குமாம், ஆனால் மாறுமாம். அம்மா எழும்ப முதல் பாயில் இருந்தபடியே கால் விரல்களைக் கையால் பிடித்துத் தன் பக்கம் மெல்ல இழுக்க வேண்டும். பின்னேரத்தில் ஒரு போத்தலை உள்ளங்காலின் கீழ் வைத்து உருட்ட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், வெறுங்காலோடு கடுந்தரையில் நிற்கக்கூடாது.

அம்மா ஒருநாளும் செருப்புப் போட்டதில்லை, தெரியும். இவர் பழைய கார் ரயர் வெட்டிச் செருப்புச் செய்வார், மாமா. மேலே சைக்கிள் ரியூப்பை நாலு மடிப்பாக வைத்து, நோகிற இடத்தில் குழி விட்டு வெட்டித் தருகிறேன் என்கிறார். அளவுதான் வேண்டும். அம்மாவின் காலை ஒரு கடதாசியில் வைத்துக் கோடு போட்டு அனுப்புவீர்களா? யார் கேட்டது என்று அம்மாவிடம் சொல்லிக் கேளுங்கோ. ஒளித்து எடுக்க வேண்டாம். அம்மா தானாக வைத்தால் மட்டும் அனுப்புங்கோ.

பிள்ளைக்கு எட்டு மாதம். தவழுகிறாள்.

அன்புடன்,
விமலா


பரந்தன்
10.09.1961

அன்பு மருமகளுக்கு,

இதோடு வைத்திருக்கும் கடதாசியை முதலில் பார், பிறகு இதை வாசி.

நடந்ததைச் சொல்கிறேன். பின்னேரம் சமையலை முடித்துவிட்டுக் குசினி வாசலில் உன் அம்மா இருந்தாள். நான் கடதாசியை நிலத்தில் விரித்தேன். "இதென்ன அண்ணை, சாதகமோ?" என்று கேட்டாள். "விமலா கேட்டவள். உன்ரை கால் அளவு வேணுமாம்" என்று ஒளிக்காமல் சொன்னேன். நான் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன், உனக்குத் தெரியும். எழும்பினாள். கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவி, சேலைத் தலைப்பால் ஈரம் துடைத்துவிட்டு வந்தாள். வந்து, தானாகவே வலக்காலைத் தூக்கிக் கடதாசியில் வைத்தாள். "வடிவாய்க் கீறுங்கோ அண்ணை, என்ரை பிள்ளை பிழையாய் வெட்டிப்போடும்" என்றாள். ஒரு கோடு பிசகாமல் கீறினேன். மூன்று யானை துரத்தியபோதும் பிசகாத கை இது.

இடக்காலும் இதே அளவு, திருப்பிப் போட்டு வெட்டச் சொல். போத்தல் உருட்டுகிறாள். சோடாப் போத்தல், நான் வாங்கிக் கொடுத்தது.

உன் மாமா,
மயில்வாகனம்


முல்லைத்தீவு
01.10.1961

அன்புள்ள மாமா,

செருப்பைப் பரந்தன் பஸ்ஸில் கொண்டக்டர் ஐயாத்துரை அண்ணையிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். இவர் இரண்டு தரம் வெட்டினார். முதல் வெட்டில் குழி கொஞ்சம் முன்னுக்குப் போய்விட்டது என்று தூக்கி எறிந்துவிட்டார். "மாமியின்ரை காலுக்கு நான் செய்யிற முதல் வேலை, பிழைக்கக்கூடாது" என்றார்.

மாமா, அந்தக் கடதாசியை நான் திருப்பி அனுப்ப மாட்டேன். மாதா படத்தின் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். காலையில் எழும்பியதும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். இவர் ஒன்றும் சொல்லுவதில்லை. அம்மாவின் சுண்டுவிரல் உள்ளுக்கு வளைந்திருப்பதை இத்தனை வருஷம் நான் கவனிக்கவில்லை. பிள்ளைக்கும் அதே விரல்! அதைக் கண்டதும் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதேன்.

அம்மா போட்டுப் பார்த்துவிட்டு என்ன சொன்னா என்று ஒரு சொல்லும் விடாமல் எழுதுங்கோ.

விமலா


பரந்தன்
05.11.1961

அன்பு மருமகளுக்கு,

செருப்பு வெற்றி! மாரி பிடித்துவிட்டதால் வயலுக்குள் போடுவதில்லை. வீட்டு வளவுக்குள்ளும் குசினியிலும் கழற்றுவதே இல்லை. குசினிக்குள் செருப்போ என்று பக்கத்து வளவு இரஞ்சிதம் வேலியால் எட்டிப் பார்த்து, "அன்னபாக்கியம் அக்கா, துரைசாணியாய்ப் போனியளோ?" என்று கேட்டாள். உன் அம்மா விடுவாளோ? "ஓமடி, எனக்குத் தேத்தண்ணி கொண்டு வா" என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துக் கண்டேன்.

குழியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வெட்டினவன் நோ அறிஞ்சு வெட்டியிருக்கிறான்" என்றாள். உன் அவர் காதில் இதைப் போடு. பிள்ளையைப் பற்றியும் கேட்டாள். பல் வந்துவிட்டதோ என்றாள்.

விடிய விரலை இழுத்துவிட்டுத்தான் எழும்புகிறாள். போன கிழமை நிலையைப் பிடிக்காமல் வாசலுக்கு வந்தாள். முழுக்க மாறவில்லை. குளிர் நாளில் இன்னும் குத்துகிறது.

மயில்வாகனம்


முல்லைத்தீவு
20.12.1961

அன்புள்ள மாமா,

பல் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கோ. கீழே இரண்டு.

இனி என்னால் இருக்க முடியாது. கால் வைத்துக் கொடுத்த தாய் கதவைத் திறக்க மாட்டாவா? தைப்பொங்கலுக்கு முதல் நாள் காலைப் பஸ்ஸில் நானும் பிள்ளையும் வருகிறோம். இவர் வாசல் படலைவரை வந்துவிட்டுத் திரும்பி விடுவார். அம்மா கூப்பிட்டால் மட்டும் உள்ளே வருவார். வேண்டாம் என்றால் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கோ. எழுதாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்கிறேன்.

விமலா


பரந்தன்
02.01.1962

பிள்ளை விமலா,

நீ சொன்ன கிழமை கடந்துவிட்டது. மூன்று தாள் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

உன் அம்மா செருப்பைப் போடுகிறாள். அது உண்மை. இரஞ்சிதம் கேட்டதும் உண்மை, இவள் சொன்ன மறுமொழியும் உண்மை. வெட்டினவன் நோ அறிந்தவன் என்று சொன்னதும் உண்மை. ஆனால் அவள் சொன்னது வவுனியாவில் ஒரு கடைக்காரனை. அங்கே வாங்கினேன் என்று நான் சொல்லியிருந்தேன். பல்லைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டால் எப்படிக் கேட்பாள் என்று நினைத்துப் பார்த்தேன், கை எழுதிவிட்டது.

ஆவணியில் கடதாசியோடு போய் உன் பேரைச் சொன்னது மெய். அவள் எழும்பி நின்றாள். எழும்பும்போது குதி குத்தியது, நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே, "அண்ணை, அந்தப் பேரை இந்த வளவுக்கை இன்னொருக்கால் எடுத்தால், நீங்களும் படலை தாண்டி வராதேங்கோ" என்றாள். அவ்வளவுதான். கிணற்றடிக்கும் போகவில்லை, காலும் கழுவவில்லை. அவளுக்கு நானும் எனக்கு அவளும்தான் இங்கே, பிள்ளை. நான் கடதாசியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ வந்தால் செருப்பு ஆர் செய்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். உன் அவர் படலையில் நின்றால் போதும், அவருடைய காலில் கிடக்கிற ரயர்ச் செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். தெரிந்தால் கழற்றி வாய்க்காலுக்குள் எறிவாள். பிறகு வேறு ஒன்றும் போட மாட்டாள். ஆடியில் அவள் விடியக்காலமை நின்ற நிலையை நான் கண்டவன். இப்போது நடக்கிறாள், பிள்ளை. இரண்டு கையும் வீசி நடக்கிறாள்.

வராதே என்று எழுத என்னால் முடியவில்லை. வா என்று எழுதவும் முடியவில்லை. நீ வந்தால் பஸ் நிற்கும் இடத்தில் நான் நிற்பேன், பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு உன்னோடு படலைவரை நடப்பேன். உள்ளே என்னையும் விடாவிட்டால் போகட்டும். ஆனால் படலை திறக்கும் என்று மட்டும் இந்த முறை நான் சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒன்று. காலையில் கண்ணில் ஒற்றுகிற கடதாசியை இனித் தொடாதே. அன்றைக்கு வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்து அதைக் கீறினேன். எனக்கும் அவளுக்கும் நீளம் ஒன்று, என் அகலம்தான் கூட. வாருக்குள் துணி வைத்துத் தைத்துச் சரிப்படுத்தினேன். பிள்ளைக்கும் அந்தச் சுண்டுவிரல் என்று நீ எழுதியதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதனால்தான் அப்போது சொல்லவில்லை. உன் அம்மாவின் சுண்டுவிரல் நேர்.

அது என்ரை கால், பிள்ளை.

மாமா