வாக்குத்தத்தத் தட்டில் ஆமோஸ்

டிச. 18, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சிதம்பரம் வரை தூக்கம். காலேஜில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை.

சாயங்காலம் கடலூர் முதுநகர் கோயிலில் வேதபாடம் எடுத்தேன். ஆமோஸ், மூன்றாவது வாரம். ஆடு மேய்த்த மனுஷன்; ஏழையை மிதித்துவிட்டு வந்து இங்கே பாட்டுப் பாடாதே என்று கோயிலிலேயே நின்று சொன்ன தீர்க்கதரிசி. இன்றைக்கு வந்தால் யாரைப் பார்த்துப் பேசுவார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒருவர் டெல்லி என்றார். ஒருவர் சென்னை என்றார். இன்னொருவர், யூடியூபில் ஜெப எண்ணெய் விற்கிற ஊழியக்காரர்கள் என்றார். எல்லாவற்றுக்கும் ஆமென். நம்மை என்று ஒரு வாயும் திறக்கவில்லை.

கடைசியில் தேவசகாயம் மாமா எழுந்தார். என் வீட்டுக்காரருடைய அண்ணன், சபைச் செயலாளர். டீச்சர் நாட்டு நடப்பைப் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டார்கள் என்று பாராட்டு. கோயிலுக்குப் பின்னால் ஷீட் வீட்டில் இருக்கிற செல்வராணியைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த மனுஷர்! அங்கே கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்களாம். அவள் கோயில் பெருக்குகிறவள். அவள் மாமனாருக்குப் பழைய போதகர் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம். காகிதம் எதுவும் கிடையாது.

டிச. 20, வெள்ளி

கேக்குக்கு முந்திரி. இவருக்கு பி.பி. மாத்திரை. பிரஸ்ஸுக்கு வசனம்.

வருஷப் பிறப்பன்று குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை. கண்ணை மூடித் தட்டிலிருந்து எடுக்க வேண்டும். வந்த வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவர்களுக்குச் சொன்னது. விளையாட்டில்லை. அட்டையைப் பார்த்துப் பெண் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். வசனம் பொறுக்குவது பல வருஷமாக என் வேலை. ஏசாயாவில் ஒரு துண்டு, எரேமியாவில் ஒரு துண்டு. எரேமியா ராஜாவைத் திட்டியது, சேற்றில் கிடந்தது எதுவும் அட்டைக்கு ஆகாது, ஆறுதல் மட்டும். குழந்தைக்கு மீனில் முள் எடுத்துக் கொடுப்பதுபோல எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இந்த வருஷம் எரிச்சல் தாங்கவில்லை. ஆமோஸில் நாலு இடம் சேர்த்தேன். ஏழையை மிதித்து வாங்கினதில் கல்வீடு கட்டினீர்கள், ஆகவே அதில் குடியிருக்க மாட்டீர்கள் என்று வருமே, அதுவும். கமிட்டிக்காரர்கள்தான் எப்போதும் முதலில் எடுப்பார்கள், மேலாக இருப்பதை. ஆமோஸை மேலே அடுக்கிவிட்டால் போயிற்று. சின்னப்புத்திதான். இருக்கட்டும்.

டிச. 24, செவ்வாய்

செல்வராணி வந்தாள். கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். ஜனவரி ஆறாம் தேதி, திங்கள், குறைதீர்ப்பு நாளில் கொடுப்பதாக முடிவு. கூட நானும் போக வேண்டும்.

"எம் பொண்ணு நர்சிங் முடிக்கிற வரைக்கும் நான் இங்கேர்ந்து அசைய மாட்டேன் டீச்சர்" என்றாள். குமராட்சிப் பக்கம் அண்ணன் வீடு இருக்கிறது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் அந்த வீடே பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கிருந்து கடலூருக்கு அந்தப் பெண் எப்படி வந்து படிக்கும்?

கேக் நடுவில் வேகவில்லை.

டிச. 30, திங்கள்

லீவிலும் சிதம்பரம் போக வேண்டியதாயிற்று, அட்டை வாங்க. மேல வீதியில் நல்ல கூட்டம். அட்டையைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. கல்வீட்டு வசனத்தில் முன்பாதி இல்லை! ஏழையை மிதித்தது போய்விட்டது. நீங்கள் கட்டின வீட்டில் குடியிருக்க மாட்டீர்கள் என்பது மட்டும், சுற்றிலும் ரோஜாப்பூ போட்டு. அட்டையில் ரெண்டு வரிதான் நிற்கும், போனில் சொன்னேனே, நீங்களும் சரி என்றீர்களே என்கிறார் பிரஸ்காரர். சொல்லியிருப்பார். பஸ் சத்தத்தில் எனக்கு என்ன காதில் விழுந்தது?

எடுத்துப் போட்டிருக்கலாம். மாமாவுக்கு முன்பாதி மனப்பாடம், பின்பாதியே உறைக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜன. 1, புதன்

காலை ஆராதனை. தட்டை நானேதான் அடுக்கினேன்.

போதகர் எழுந்து, டீச்சருடைய வேதபாடம் தன் மனசை உறுத்திவிட்டது என்றார். வருஷா வருஷம் முன்பெஞ்சுக்காரர்களே முதலில் எடுக்கிறோம்; இந்தத் தடவை பின்னால் பாயில் உட்காருகிறவர்கள் முதலில் வரட்டும். ஒரு விநாடி சந்தோஷப்பட்டேன், சத்தியமாக. அப்புறம்தான் தட்டு ஞாபகம் வந்தது.

எழுந்து என்ன சொல்வது? நிறுத்துங்கள், அது கமிட்டிக்கு வைத்தது என்றா? நாலும் பாய்க்காரர்களுக்கே போயின. கல்வீடு செல்வராணிக்கு. மகள் படித்துக் காட்டினாள். செல்வராணி அட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

மாமாவுக்கு ஏசாயா. எல்லை விரிவாகும் என்று. மண்டபத்துக்கு ஆண்டவரே உத்தரவு கொடுத்துவிட்டார் என்று எல்லாரிடமும் காட்டினார்.

ஜன. 2, வியாழன்

செல்வராணி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அது நான் சேர்த்தது, மாமாவுக்கு வைத்தது, பிரஸ்ஸில் வெட்டிவிட்டார்கள். வேதத்தைத் திறந்து முழு வசனத்தையும் காட்டினேன். நிதானமாகக் கேட்டாள். கோபப்பட்டிருந்தாலாவது நன்றாயிருக்கும்.

"நீங்க அவுங்களுக்குன்னுதான் வச்சீங்க. ஆண்டவரு எனக்குல்ல குடுத்துட்டாரு. அதுக்கு மேல மனு குடுத்து நான் யாருகிட்ட ஜெயிக்கப் போறேன் டீச்சர்?"

ஆண்டவர் இல்லை, நான்தான், நான்தான் என்று எத்தனை தடவை சொல்வது? எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அங்கிருந்து மாமாவிடம் போனேன். அவரிடமும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால் சிரிக்கிறார். "நீ வச்சே, சரி. அவ கைக்கு அதை அனுப்பிச்சது யாரும்மா?" அவள் காலி பண்ணும்போது சாமான் ஏற்ற வண்டி தன் செலவாம். மனுஷர் மனசாரத்தான் சொல்கிறார், அதுதான் தாங்கவில்லை.

இவரிடம் சொன்னேன். உனக்கு எதுக்கு இந்த வேலை என்றார். அவ்வளவுதான். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜன. 5, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். தலைவலியும் இருந்தது. ஆமோஸை எடுத்துப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் பேசுகிறார். ஒருத்தனாவது கேட்டானா என்று எங்கேயும் இல்லை.

ஜன. 6, திங்கள்

வெயில் வந்துவிட்டது. லீவு போட்டேன். மனு கைப்பையில். கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று போனால் டாட்டா ஏஸ் நிற்கிறது. பீரோ, குடம், தையல் மிஷின், மகளுடைய புத்தகப் பை. அந்தப் பெண் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செல்வராணி வாசல் பெருக்கி முடித்துவிட்டு, ஜெபம் பண்ணி அனுப்புங்க டீச்சர் என்றாள். மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு ஆமென், எல்லாரையும்விடச் சத்தமாக. மாமா. எப்போது வந்தாரோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். கையில் புதுப் பூட்டு.